மைக்ரோகிளியாவும் மன்னார் வளைகுடாப் பாசிகளும்

மைக்ரோகிளியா என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உரிய நோய் எதிர்ப்பு உயிரணு. கரு உருவாகும் தொடக்க வாரங்களிலேயே மூளைக்குள் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கேயே பெருகிக்கொள்கிறது. இதைத் தனி வகையாக 1919இல் இனங்காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா.

இறந்த உயிரணுக்களையும் கழிவுகளையும் விழுங்குவது இதன் அன்றாட வேலை. ஆல்சைமர் நோயில் அமிலாய்டு-பீட்டா புரதம் படியும்போது, மைக்ரோகிளியா அந்தப் படிவைச் சூழ்ந்து இறுக்கி, பக்கத்து நரம்புகளுக்குச் சேதம் குறையும்படி அணை கட்டுகிறது. இந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பது 2013இல் தெரிந்தது. மைக்ரோகிளியாவின் உணர்வியான ட்ரெம்2 புரதத்தின் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என அவ்வாண்டு வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் கிளர்ச்சி ஓயாமல் நீடித்தால் இதே உயிரணு அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. நல்ல நரம்பு இணைப்புகளையும் தின்றுவிடுகிறது. படிவுகள் திரளுவதற்கு முன்பே இந்த இழப்பு தொடங்குவதை 2016இல் எலிகளில் கண்டார்கள். ஆகவே மைக்ரோகிளியாவை ஒரேயடியாக அடக்குவது சிகிச்சை ஆகாது. எந்தக் கட்டத்தில் தூண்டுவது, எப்போது தணிப்பது என்பதே மருத்துவத்தின் கடினமான கேள்வி.

ராமநாதபுரம் கடற்கரை ஆல்சைமர் ஆராய்ச்சியோடு பாசியின் வழியாகத் தொடர்புடையது. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அகர் தயாரிக்கப் பயன்படுவது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் சாறு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதை ஆய்வகத்தில் கண்டு, 2012இல் வெளியிட்டனர். இப்போது ஆல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரையும் அந்த நொதியையே தடுக்கிறது. ஆனால் அது நினைவாற்றலுக்கு உதவும் வழி, மைக்ரோகிளியாவைத் தொடுவதல்ல.

மைக்ரோகிளியாவுக்கு நெருக்கமான பாசி மருந்து சீனாவிலிருந்து வந்தது. பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட்டிலிருந்து பெறும் ஜிவி-971, குடல் நுண்ணுயிரிகளைச் சீராக்கி மூளை அழற்சியைத் தணிப்பதாக எலி ஆய்வு கூறியது; 2019இல் சீனா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. அதன் பன்னாட்டுப் பரிசோதனை 2022இல் பாதியில் நின்றது. மண்டபம் கரையில் கிடைக்கும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியும் ஆல்ஜினேட் தருவதுதான். என்றாலும் மூலப்பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது மருந்தாகிவிடாது; பாசியைச் சமைத்து உண்பதால் மறதிநோய் தீரும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று கிடையாது.