மினமாட்டாக் கடல் கற்பித்த பாடம்

கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்று நம் முன்னோர் வகுத்தனர். நெய்தல் மாந்தர்க்குக் கடலே வயல், வலையே ஏர், மீனே விளைச்சல். அவ்வயலில் நஞ்சை விதைத்தால் என்ன விளையும்? இவ்வினாவிற்கு விடையாக ஜப்பான் நாட்டில் நிகழ்ந்த வரலாறு ஒன்றினை, இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் சங்கத்துக் குடும்பத்தார் முன் வைக்க விழைகின்றோம்.

ஜப்பானின் தென்பகுதியில் அமைந்த பெருந்தீவு கியூஷூ. அதன் மேற்குக் கரையில், குமமோட்டோ மாநிலத்தில், ஷிரானுயி என்னும் உள்கடலை நோக்கியிருக்கும் ஊர் மினமாட்டா. அலையடங்கிய கடல், மீனும் சிப்பியும் மலிந்த விரிகுடா. அங்கே 1908ஆம் ஆண்டில் ஓர் இரசாயன ஆலை தோன்றிற்று. பின்னாளில் அதனை நடத்திய நிறுவனம் சிஸ்ஸோ என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் உரம் செய்த அவ்வாலை, 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளையும் ஆக்கலாயிற்று. அவ்வினையைத் தூண்டப் பாதரசச் சேர்மம் பயன்பட்டது. அப்பாதரசத்தில் ஒரு சிறு பகுதி மெதில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறி, கழிவு நீரோடு விரிகுடாவிற் கலந்தது. ஆலையால் ஊரார்க்கு வேலையும் கூலியும் கிடைத்தன. ஆதலின் கழிவு நீரைப் பற்றி வினவத் துணிந்தோர் சிலரே.

இந்நஞ்சின் இயல்பு நாம் அறியத்தக்கது. நீரில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் இதனை ஏற்கின்றன. அவற்றைச் சிறுமீன் உண்கிறது. சிறுமீனைப் பெருமீன் உண்கிறது. உடலிற் புகுந்த நஞ்சு எளிதில் வெளியேறாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் அது செறிந்துகொண்டே செல்கிறது. நீரில் கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத அளவில் இருந்தது, பெருமீனின் தசையிற் பன்மடங்காகப் பெருகி நிற்கும். சமைப்பதாலும் அது நீங்காது. மனிதன் உண்டால் குருதியின் வழியே மூளையைச் சென்று தாக்கும். கைகால் மரக்கும், நடை தள்ளாடும், நாக் குழறும், செவி மந்தமாகும், குழாயினூடே நோக்குவது போலப் பார்வை சுருங்கும். நோய் முற்றினால் வலிப்பும் சாவும் நேரும்.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே கடல் எச்சரிக்கை விடுத்தது. மீன்கள் செத்து மிதந்தன. காக்கைகள் பறக்கும்போதே வீழ்ந்தன. மீன் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று ஆடிக் கடலில் வீழ்ந்து மாண்டன. மக்கள் வியந்தனர், காரணம் தேடினாரில்லை.

1956ஆம் ஆண்டு ஏப்ரலில், நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஒரு சிறுமி ஆலையின் மருத்துவமனைக்குக் கொணரப்பட்டாள். சில நாளில் அவள் தங்கையும் அதே நோயுடன் வந்தாள். மருத்துவமனைத் தலைவர் ஹஜிமே ஹொசொகாவா, இனம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறதென்று மே 1ஆம் நாள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். தொற்றுநோய் என்றஞ்சிய ஊரார் நோயுற்ற குடும்பங்களை ஒதுக்கினர். நோயின் துன்பத்தினும் இவ்வொதுக்கம் அவர்களைப் பெரிதும் வாட்டிற்று.

குமமோட்டோப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து, கரிமப் பாதரசமே காரணம் என்று 1959 ஜூலையில் உரைத்தனர். ஆலை மறுத்தது. அதற்கு முன்னரே, 1958இல், கழிவு நீரை ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியிருந்தது. அதனால் அப்பக்கத்திலும் புதிய நோயாளிகள் தோன்றினர்.

ஹொசொகாவா ஆலைக் கழிவு நீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு அளித்து வந்தார். 400ஆம் எண்ணிட்ட அப்பூனை 1959 அக்டோபரில் நோயுற்றது. ஐயத்துக்கு இடமின்றி உண்மை விளங்கிற்று. ஆயினும் நிருவாகம் அம்முடிவை வெளியிடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளுக்கு அனுதாபத் தொகை என்று சிறு பணம் அளித்து, பின்னர் ஆலையே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் வேறு ஈடு கேட்பதில்லை என்று கையொப்பம் பெற்றது. கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம் போன்றோர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு தாள் உரிய மேசையை அடையாமையால், நஞ்சு மேலும் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் கடலிற் பாய்ந்தது.

இதனிடையே வேறொரு கொடுமையும் வெளிப்பட்டது. நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் என்றே மருத்துவர் நம்பியிருந்தனர். மினமாட்டாவிலோ, பெரிதும் நோயறியாத தாயரும் உடல் முடங்கிய குழந்தைகளைப் பெற்றனர். கருவிலேயே நேர்ந்த நோய் இஃதென்பது 1962இல் உறுதியாயிற்று. தாய் உண்ட நஞ்சைச் சேய் தன்மேல் ஏற்றுக்கொண்டது. இதனினும் பெருந்துயர் யாதுளது?

1965இல் நிகாட்டா மாநிலத்து அகானோ ஆற்றங்கரையிலும் இந்நோய் தோன்றியது. அந்நஞ்சு வேறொரு நிறுவனத்தின் ஆலையினின்று வந்தது. 1968 மே மாதத்தில் மினமாட்டாவில் அசிட்டால்டிஹைடு ஆக்கம் நின்றது. செப்டம்பரில் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது. 1970இல் ஹொசொகாவா நோய்ப்படுக்கையிலிருந்தே பூனைச் சோதனை பற்றிச் சாட்சியம் அளித்தார், அவ்வாண்டே மறைந்தார். 1973 மார்ச்சில் நீதிமன்றம் ஆலையே பொறுப்பெனத் தீர்த்தது. 1977 முதல் 1990 வரை விரிகுடாவின் நச்சுச்சேற்றை அகற்றி 58 ஹெக்டேர் நிலமாகத் தூர்த்தனர். மீன்கள் வெளியேறாவண்ணம் கட்டிய வலையை 1997இல்தான் அவிழ்த்தனர். இன்றளவும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளிகளாகச் சான்று பெற்றுள்ளனர்.

இஃது அயல்நாட்டுக் கதையெனத் தள்ளற்க. நம் கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலையொன்று, பாதரசக் கழிவு வெளிப்பட்டமையால் 2001இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013இல் செய்துகொண்ட ஒப்பந்தம் மினமாட்டாவின் பெயரையே தாங்குகிறது. நம் பாரதமும் 2018இல் அதனை ஏற்றது.

நம் குடியிருப்பிலும் செய்யத்தக்கது உண்டு. பழைய வெப்பமானி உடைந்தால் வெள்ளிமணி போல் உருளும் பாதரசத்தைக் குழந்தைகள் கையில் எடுத்து விளையாட விடலாகாது. துடைப்பத்தாற் பெருக்கவோ சாக்கடையில் ஊற்றவோ கூடாது. சன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டித்தாளால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் இட்டு, அபாயக் கழிவு பெறுமிடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். எங்கோ ஓடி மறையும் நீர் என்று ஒன்றில்லை. அது யாரோ ஒருவர் உண்கலத்தை அடைந்தே தீரும். இதனை நம் மக்களுக்கு உணர்த்துவோமாயின், மினமாட்டாக் குழந்தைகள் பட்ட துன்பம் வீண்போகாது.