பதிவேட்டிலிருந்து கணினிவரை: இலங்கைச் சட்டத்திற் சான்றும் அரநாயக்கத் தோட்டப்புறமும்

கணினிக் குற்றம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அக்குற்றத்தின் புதுமையையே எடுத்துரைப்பர். ஆயின், இலங்கை நீதிமன்றங்கள் கணினியை முதன்முதல் எதிர்கொண்டபோது எழுந்த வினா எது குற்றம் என்பதன்று. எது சான்று என்பதேயாகும். இயந்திரம் பதிந்துவைத்த ஒன்றை நீதிபதி நம்பலாமா? நம்புவதாயின் அப்பதிவு யாருடையது? இவ்வினாக்களின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க போன்ற தோட்டப்புறங்களில் வாழும் தமிழர்க்கு அவை எவ்வாறு பொருந்துகின்றன என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவேடும் தொழிலாளியும்

பிறர் எழுதிய பதிவினால் தம் வாழ்வு நிர்ணயிக்கப்படுதல் மலையகத் தமிழர்க்குப் புதிதன்று. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழில் உடன்படிக்கையை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, தோட்டப் பதிவேட்டிற் பெயர் உள்ளவரையே தோட்டத் தொழிலாளி என வரையறுத்தது. ஒருவர் யார் என்பதனையே ஏடு தீர்மானித்தது எனலாம். தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடன் தீர்க்கப்படின் அவரை விடுவிக்கச் சம்மதம் தெரிவிக்கும் துண்டுச் சீட்டு, ஒரு தோட்டத்தின் கடனை மற்றைய தோட்டத்திற்குச் சுமந்து சென்றது. இம்முறை 1921 இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னரும் இதே நிலை வேறோர் உருவில் தொடர்ந்தது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், இந்நாட்டிற் பல்லாண்டு தொடர்ந்து வசித்தமையை நிறுவுதல் வேண்டியிருந்தது. ஏடுகள் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. நிறுவும் பாரம் தொழிலாளியின் தலையில் இருந்தது. இவ்வேற்றுமையை மனங்கொண்டே கணினிக் காலத்துச் சட்டங்களையும் நோக்குதல் தகும்.

பழைய சட்டமும் புதிய இயந்திரமும்

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை களவு என்பதனை ஒருவரின் உடைமையிலிருந்து அசையும் பொருளை நேர்மையீனமாக எடுத்தல் எனக் கொண்டது. அப்பொருள் தொட்டுணரத்தக்க பருப்பொருளாதல் வேண்டும். கணினியிலுள்ள தரவைப் பிரதிசெய்பவனோ எதனையும் எடுத்துச் செல்வதில்லை. உரியவரிடம் இருந்தது அவரிடமே இருக்கின்றது. ஆகவே அச்செயல் பழைய வரையறைக்குள் அடங்கவில்லை.

இவ்விடர்ப்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் பிறருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கணினித் தகவற் சேவையொன்றினுள் நுழைந்த இருவர்மீது கள்ள ஆவணம் பற்றிய சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. ஆயின் 1988 இல் பிரபுக்கள் சபை அச்சட்டம் இதற்குப் பொருந்தாது எனத் தீர்த்தது. அதன் விளைவாகவே 1990 ஆம் ஆண்டின் கணினித் துர்ப்பிரயோகச் சட்டம் அங்கு எழுந்தது.

இலங்கையிற் சிக்கல் சான்றுத் துறையிலேயே முதலில் வெளிப்பட்டது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வாய்மொழியையும் கைப்பட எழுதிய ஆவணத்தையும் கருத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. 1953 இல் அபூபக்கர் வழக்கில் ஒலிநாடாப் பதிவு சான்றாக ஏற்கப்பட்டது. ஆனால், அவுஸ்திரேலியாவின் நாடுகடத்தற் கோரிக்கையையொட்டி எழுந்த பென்வெல் வழக்கில் (1978–79) நிலைமை வேறாயிற்று. கணினிச் சான்று மூலச் சான்றுமன்று, வழிச் சான்றுமன்று; அது தனக்கெனத் தனி வகையானது என நீதியரசர் கொலின் தொமே கருதினார். அதில் எவரும் கைவைக்கவில்லை என்பது நீதிமன்றுக்குத் திருப்தியாதல் வேண்டும் என்றும், அத்தகைய சான்றை ஏற்பதற்கு அன்றைய கட்டளைச் சட்டத்தில் இடமில்லை என்றும் அவர் தீர்த்தார்.

இத்தீர்ப்பைப் பழமைவாதம் என ஒதுக்கிவிடல் பொருந்தாது. எழுதியவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யலாம்; இயந்திரத்தை அவ்வாறு செய்தல் இயலாது. பதிவை ஆளுவோர் அதனை மாற்றவும் வல்லர் என்ற ஐயமே அத்தீர்ப்பின் உயிராகும். தோட்டத்து ஏடுகளைப் பற்றி இத்தகைய ஐயம் அக்காலத்தே எழுந்திருப்பின் எத்தனையோ குடும்பங்களின் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

சட்டங்களின் வளர்ச்சி

1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இவ்வெற்றிடத்தை நிரப்பிற்று. ஒலி, ஒளிப் பதிவுகளும் கணினி வெளியீடுகளும் நிபந்தனைகளுடன் ஏற்கத்தக்கனவாயின. அவற்றைச் சமர்ப்பிக்க விரும்புபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்து, அவற்றைப் பரிசோதிக்கவும் வாய்ப்பளித்தல் வேண்டும். பென்வெல் வழக்கில் வெளிப்பட்ட ஐயத்திற்குச் சட்டமன்றம் அளித்த விடை இதுவெனலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் பதிவுக்கும் கையொப்பத்திற்கும் சட்ட அங்கீகாரம் வழங்கியது. எனினும் மரணசாசனம், காணி விற்பனை போன்றவை அதிலிருந்து விலக்கப்பட்டன.

குற்றம் பற்றிய சட்டம் இவற்றின் பின்னரே வந்தது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் 2008 யூலையில் நடைமுறைக்கு வந்தது. அதிகாரமின்றிக் கணினியை அணுகுதல், தரவை மாற்றுதல் அல்லது அழித்தல், சட்டவிரோதமாகப் பெற்ற தரவைக் கையாளுதல், தொடர்பாடலை இடைமறித்தல் ஆகியன குற்றங்களாயின. அதிகாரமற்ற அணுகலுக்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாவரை தண்டமும் விதிக்கப்படலாம். புலனாய்விற் பொலிசாருக்கு உதவ வல்லுநர் நியமிக்கப்படவும் அச்சட்டம் வழிசெய்தது. 2015 இல் இலங்கை புடாபெஸ்ட் சமவாயத்தில் இணைந்தது; தெற்காசியாவில் இவ்வாறு இணைந்த முதல் நாடு இதுவாகும்.

இக்குற்றங்கள் எல்லை கடந்தவை என்பதற்கு 2016 பெப்ரவரியில் நிகழ்ந்த பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளை தக்க எடுத்துக்காட்டாகும். நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கிக் கணக்கிலிருந்து 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர், பெறுநரின் பெயரிலிருந்த எழுத்துப் பிழையொன்றினால் ஐயம் எழுந்து தடுக்கப்பட்டது. எத்தனையோ காவல்களைக் கடந்து வந்த அப்பணத்தைத் தடுத்தது மனிதர் ஒருவரின் கவனமான வாசிப்பே.

சட்டத்தின் மறுபக்கம்

குற்றத்தைத் தடுக்க எழுந்த சட்டம் குடிமகனுக்கு எதிராகவும் திரும்புதல் கூடும். 2020 ஏப்பிரலில், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனையாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளுமாறு முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைச் சட்டமும் கணினிக் குற்றச் சட்டமும் அவர்மீது எடுத்தாளப்பட்டன. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்குமாறு பணித்தது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆள்மாறாட்டம், துன்புறுத்தல், சிறுவர் துஷ்பிரயோகம் முதலியவற்றைக் குற்றமாக்கியபோதிலும், கருத்துரைகளின் உண்மை பொய்யை ஆணைக்குழுவொன்றின் தீர்மானத்திற்கு விட்டமையாற் கடுமையான கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

அரநாயக்கவும் நீதியின் வாயிலும்

இவ்வளவு சட்டங்கள் எழுந்த பின்னர், மாவனல்லைக்கு அப்பாலுள்ள மலைச்சரிவுத் தோட்டத்து லயத்தில் வாழும் பெண்ணொருத்தியின் நிலையைக் கருதுவோம். வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறியவன் கைத்தொலைபேசி மூலம் அவள் சேமிப்பைப் பறிக்கின்றான். அல்லது அவளது படத்தைத் திரித்து அச்சுறுத்துகின்றான். அவள் வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் அச்செய்திகளை அழித்துவிடின், அவளது வழக்கின் உயிர்நாடியாகிய சான்றும் உடன் அழிந்துபோகும். தன்னிடமுள்ள செய்தியே ஆவணம் என்பதை அவளுக்கு எவரும் எடுத்துரைப்பதில்லை.

அடுத்தது மொழி. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக ஏற்று, மொழிபெயர்ப்புக்கும் உரிமை வழங்குகின்றது. ஆயினும் கேகாலை மாவட்டத்தில் வழக்கு நடவடிக்கைகள் சிங்களத்திலேயே நிகழ்கின்றன. முறைப்பாடு அவளறியாத மொழியில் எழுதப்பட்டு, அவள் அதிற் கையொப்பமிடுவாளாயின், அது அவளுடைய வாக்குமூலமாகவே மன்றிற் கொள்ளப்படும். பாட்டனின் கைநாட்டு விழுந்த ஏட்டிற்கும் பேர்த்தியின் கையொப்பம் விழுந்த அறிக்கைக்கும் இடையே நூறாண்டு கழிந்துள்ளது. வாசிக்கவியலாத பதிவுக்குத் தானே பொறுப்பாளியாதல் என்னும் நிலை மட்டும் கழியவில்லை.

கணினிப் பதிவை ஏற்குமுன், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்து, அதனைப் பரிசோதிக்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்று 1995 இற் சட்டம் விதித்தது. இயந்திரத்தின் பதிவு குறித்துக் காட்டப்பட்ட இவ்வெச்சரிக்கை, தோட்டத் தமிழரின் வாய்மொழியைப் பிறமொழியிற் பதியும் ஏட்டிற்கும் உரியதேயாகும். தமிழில் முறைப்பாட்டைப் பதியவல்ல அலுவலர் கேகாலையின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருத்தல் வேண்டும். பதிந்ததை உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும். பதிவில் தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைத் தானே வாசித்தறியும் நாளிலேயே, 1889 ஆம் ஆண்டின் பதிவேட்டிலிருந்து தோட்டத் தொழிலாளி முற்றாக விடுதலை பெற்றவராவார்.