டிட்டிகாக்கா ஏரி வடிநிலம்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் பெருவின் தெற்கே இரு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், ஆல்ட்டிபிளானோ என்னும் பீடபூமி உள்ளது. இங்கே பெய்யும் மழைக்குக் கடலை அடைய வழியில்லை. வடக்கே டிட்டிகாக்கா ஏரியில் சேரும் நீரில் ஒரு பகுதி தேசகுவாதெரோ ஆற்றின் வழியே தெற்கே இறங்கி போபோ ஏரியை அடைகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அங்கிருந்தும் வழிந்து கொய்பாசா உப்புப் படுகையில் போய் முடிகிறது. இரு ஏரிகள், ஓர் ஆறு, ஓர் உப்புப் படுகை ஆகிய நான்கும் சேர்ந்ததே இந்த வடிநிலம். இதன் பரப்பு சுமார் 1,44,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி பொலிவியாவிலும், வடமேற்குப் பகுதி பெருவிலும், ஒரு சிறு துண்டு சிலியிலும் அமைந்துள்ளன. டிட்டிகாக்காவை மட்டும் தனியே எடுத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கீழ்க்கோடியில் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நீரின் கணக்கு புரியும்.

நிலவியல்பு

டிட்டிகாக்காவின் நீர்மட்டம் சுமார் 3,810 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பரப்பு ஏறக்குறைய 8,400 சதுர கிலோமீட்டர். உண்மையில் இது ஒட்டிப்பிறந்த இரண்டு ஏரிகள். வடக்கே உள்ள பெரிய ஏரியின் ஆழம் சில இடங்களில் 280 மீட்டரை எட்டுகிறது. தெற்கே உள்ள சிறிய ஏரியோ பெரும்பாலும் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. இரண்டையும் இணைக்கும் திக்கினா நீரிணையின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. லா பாஸிலிருந்து கோப்பகபானாவுக்குப் போகும் பேருந்துகள் இங்கே தட்டையான மரப்படகுகளில் ஏற்றப்படுகின்றன. பயணிகள் இறங்கி வேறு படகில் அக்கரை சேர்ந்து, பேருந்து வந்ததும் மீண்டும் ஏறிக்கொள்கிறார்கள்.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளில் ராமிஸ் பெரியது. கோவாத்தா, இலாவே, உவான்கானே, சூச்செஸ் ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. ஆறுகள் கொண்டுவருவது ஏறக்குறைய பாதி. மீதி, ஏரியின் மேலேயே நேரடியாகப் பெய்யும் மழை. வந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிவிடுகிறது. தேசகுவாதெரோ வழியாக வெளியேறுவது எஞ்சிய ஒரு பங்குதான். போபோவுக்கு மேலிருந்து கிடைக்கும் நீர் இந்த ஒரு பங்கையே நம்பியிருக்கிறது. மழை கொஞ்சம் தவறினாலும், வெயில் கொஞ்சம் கூடினாலும் முதலில் அடிபடுவது கீழ்க்கோடி.

தட்பவெப்பம்

ஆண்டு மழையின் பெரும்பங்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பெய்துவிடும். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிந்து, பகலில் சுள்ளென்ற வெயிலும் இரவில் கடும் உறைபனியும் மாறி மாறி வரும். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மெல்லிய காற்று வெயிலைத் தடுப்பதில்லை. பகலில் ஏறிய சூட்டை இரவில் பிடித்து வைப்பதும் இல்லை. ஏரியின் மேலும் கரையோரத்திலும் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. தெற்கே போகப் போக அது சுருங்கி, கொய்பாசாவை ஒட்டி 200, 300 மில்லிமீட்டராகிவிடுகிறது.

இத்தனை குளிரிலும் கரையோரம் வேளாண்மை நடப்பதற்கு ஏரியே காரணம். நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் நிற்பதால், கரையை ஒட்டிய வயல்களில் உறைபனி தணிந்திருக்கும். சில பத்து கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஹூலியாக்கா நகரில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும்போது, தீவுகளில் உருளைக்கிழங்கும் கீன்வாவும் பார்லியும் விளைகின்றன. இதே சூட்சுமத்தைப் பழங்குடிகள் நிலத்திலேயே உருவாக்கிக்கொண்டார்கள். மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைத்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி நீர் நிறுத்தினார்கள். பகலில் சூடேறிய நீர் இரவில் அந்தச் சூட்டை விட, பயிர் பனியில் கருகாமல் தப்பியது. கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் பாத்திகளை 1980களில் தொல்லியலாளர்களும் உழவர்களும் சேர்ந்து சில இடங்களில் மீண்டும் உயிர்ப்பித்தார்கள்.

உறைபனியையே பயன்படுத்தும் வேலையும் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் கசப்பு வகை உருளைக்கிழங்கைத் திறந்த வெளியில் பரப்பிவிடுவார்கள். இரவில் அது கல்லாக உறையும். வெயில் ஏறியதும் இளகும். அப்போது வெறுங்காலால் மிதித்துச் சாற்றைப் பிழிந்து, தோலையும் உரித்துவிடுவார்கள். சில நாள் இப்படியே செய்து உலர்த்தினால் கூழாங்கல் போலக் காய்ந்த சுன்யோ கிடைக்கும். இதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாம். விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகள் அடிக்கடி வரும் நாட்டில் இதைவிட நம்பகமான களஞ்சியம் வேறில்லை.

எல் நினோ ஆண்டுகளில் இங்கே வறட்சி கூடும்; 1983இன் வறட்சி கடுமையானது. மூன்றே ஆண்டுகளில், 1986இல், ஏரி பெருகிக் கரையோர வயல்களை மூழ்கடித்தது. 1940களில் பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் 1986இன் உச்சத்துக்கும் இடையே ஆறு மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. 2023இல் நீர் மீண்டும் வெகுவாக இறங்கிப் படகுகள் சேற்றில் நின்றன.

மக்கள்

வடிநிலத்தில் முப்பது இலட்சம் பேரளவில் வாழ்கிறார்கள். ஏரிக்கு வடக்கே கெச்சுவா மொழியும், தெற்கிலும் பொலிவியப் பக்கத்திலும் அய்மாரா மொழியும் பேசப்படுகின்றன. தென்கரைக்கு அருகே, ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை ஓங்கியிருந்த தீவனாக்கு நகரின் இடிபாடுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டு இது உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. பூனோ விரிகுடாவில் ஊரோஸ் மக்கள் தொத்தோரா என்ற கோரையால் மிதக்கும் தீவுகள் அமைத்து வாழ்கிறார்கள். கோரை வேர்க்கட்டிகளைப் பிணைத்து அடித்தளமாக்கி, மேலே வெட்டிய கோரையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார்கள். அடியில் அழுக அழுக மேலே புதுக்கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று மக்கள்தொகையின் சுமை கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு மாறிவிட்டது. பெருவில் ஹூலியாக்காவும் பூனோவும், பொலிவியாவில் ஓருரோவும் எல் ஆல்ட்டோவும் முக்கியமானவை. லா பாஸ் நகரின் நீர் அமேசான் பக்கம் ஓட, அதற்கு மேலே விளிம்பில் இருக்கும் எல் ஆல்ட்டோவின் கழிவுநீர் கத்தாரி ஆற்றில் கலந்து சிறிய ஏரியின் கோஹானா விரிகுடாவுக்கு வருகிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல் ஆல்ட்டோவின் மக்கள்தொகை எட்டரை இலட்சத்தை ஒட்டியிருந்தது. ஆழமில்லாத நீரில் இவ்வளவு கழிவு சேரும்போது பாசி மண்டி மீன்களுக்கு உயிர்வளி கிடைக்காமல் போகிறது. இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் பெரிதாக வாழாத டிட்டிகாக்கா பெருந்தவளை கூட்டமாகச் செத்து மிதந்ததும் நடந்திருக்கிறது.

இரு நாட்டு நிர்வாகம்

1957இல் பெருவும் பொலிவியாவும் செய்துகொண்ட உடன்பாடு, ஏரியின் நீரைப் பங்கு பிரிக்காமல் இரு நாட்டுக்கும் பிரிக்க முடியாத பொதுவுடைமை என்று ஏற்றுக்கொண்டது. பகிரப்படும் ஏரிகளில் இப்படிப்பட்ட ஏற்பாடு அரிது. 1990களில் இரு நாட்டுக்கும் பொதுவான நீர் ஆணையம் அமைந்தது. தேசகுவாதெரோ தொடங்கும் இடத்தில் மதகுகளும் கட்டப்பட்டன. வெள்ளத்தையும் வறட்சியையும் ஓரளவு சமாளிக்க இவை உதவும் என்பது எண்ணம்.

மதகைத் திறப்பதால் மட்டும் போபோவுக்கு நீர் போய்ச் சேராது. வழியில் பாசனத்துக்கு எடுக்கிறார்கள். சுரங்கக் கழிவும் வண்டலும் ஆற்றுப்படுகையை அடைக்கின்றன. ஒரு காலத்தில் பொலிவியாவின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்த போபோ, 2015 டிசம்பரில் முற்றாக வறண்டது. நல்ல மழை ஆண்டுகளில் நீர் தலைகாட்டினாலும் பழைய மீன்வளம் திரும்பவில்லை. அந்த மீனை நம்பியே தலைமுறைகளாக வாழ்ந்த ஊரு-முராத்தோ மக்களில் பலர் உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூலிக்குப் போய்விட்டார்கள். தலைக்கோடியின் நீர்மட்டத்தைக் காக்கப் பேசப்படும் ஒவ்வொரு திட்டத்திலும் இவர்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இரு அரசுகளும் விடை எழுதியாக வேண்டும்.