மலிவான வாளும் நேரான வெட்டும்

"மலிவான மெஷின் எண்டா வெட்டு கோணலாத்தான் வரும்" என்று சொல்லாத ஆளில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருக்குதுதான். ஆனால் மின்வாளின் நூறு வருட வரலாற்றைப் பார்த்தால், அந்தக் குறைந்த விலைக்காக எதைக் கைவிட்டார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி என்று விளங்கும்.

கையில் பிடித்து அரியும் மின் வட்டவாள் மரவேலையை நினைத்துப் பிறந்ததே இல்லை. 1920களில் நியூ ஓர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டும் கத்தியில் மோட்டரைப் பூட்டிப் பார்த்தார். அதை மரத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஜோசப் சலிவன் கண்டார். 1924இல் தொடங்கிய அவர்களுடைய கம்பனிதான் பிறகு ஸ்கில்சோ ஆனது. வீடு கட்டுபவர்களுக்கு வேகம்தான் தேவைப்பட்டது. கூரைச் சிலாகையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் ஒண்டும் ஆகாது. அலுமாரிக் கதவில் அது உடனே கண்ணில் குத்தும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கச் சம்பளக்காரர்கள் வீட்டிலேயே தளபாடம் செய்யத் தொடங்கினார்கள். 1947இல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மன் அகதி 'ஷொப்ஸ்மித்' இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரே மோட்டரில் அரியலாம், கடையலாம், துளைக்கலாம், தேய்க்கலாம். காசும் மிச்சம், இடமும் மிச்சம். ஆனால் சாய்வாக வெட்ட வாளைச் சாய்க்க முடியாது, மேசையைத்தான் சாய்க்க வேண்டும். மேசையும் சின்னது. பெரிய பலகையை அதில் நேராகத் தள்ளுவது பெரும்பாடு.

1922இல் ரேமண்ட் டிவோல்ட் உருவாக்கிய, மேலிருந்து கைபோல நீளும் வாளுக்கும் இதே கதைதான். ஆலைகளுக்கான கனத்த வார்ப்பிரும்பு மெஷின் அது. வீட்டுக்கென்று எடையைக் குறைத்தபோது, தூண், கை, மோட்டர் தாங்கி என்று ஒவ்வொரு இணைப்பிலும் சிறு ஆட்டம் வந்தது. ஆட்டங்கள் ஒன்றோடொன்று கூடும். அரைப் பாகை பிசகினால், 300 மில்லிமீற்றர் அகலப் பலகையில் 2.6 மில்லிமீற்றர் விலகும்.

இன்னொரு செலவும் இருந்தது. 2000ஆம் ஆண்டில், கிராஃப்ட்ஸ்மன் பெயரில் விற்ற இவ்வகை வாள்கள் ஏறத்தாழ 37 இலட்சத்துக்குப் பாதுகாப்பு மூடியை மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. மூடி பற்களை முழுதாக மறைக்கவில்லை. அந்தக் குறைக்கு விரல்கள்தான் விலை கொடுத்தன.

திருப்பம் மோட்டரில் வரவில்லை. மேசைவாளில் பலகையை அணைத்துத் தள்ளும் வேலியில் வந்தது. பழைய வேலிகள் முன்னும் பின்னும் பூட்டும், இறுக்கும்போதே கோணும். 1980 அளவில் பில் பீஸ்மையர் முன்பக்கம் மட்டும் பூட்டும் 'T' வடிவ வேலியைப் பரப்பினார். பூட்டினால் அது வாளுக்குச் சமாந்தரமாகவே நிற்கும். அந்த வழியைப் பிறகு பலர் பின்பற்றினார்கள்.

ஆகவே மலிவு வாள் வாங்கும்போது வாட்ஸ் எண்ணிக்கையில் மயங்காமல், வேலி ஆடுதா, அடித்தகடு வளைஞ்சிருக்குதா எண்டு பாருங்கோ. கடைக்காரர் விட்டால் ஒரு பரீட்சை செய்யலாம். ஒரு நேர்ப் பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்விளிம்பில் வைத்து வெட்டுமுகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், உண்மையான பிசகு அதில் பாதி. ஒரே அளவாகப் பிசகுகிற வாளை மூலைமட்டம் வைத்துத் திருத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் வேறு வேறு மாதிரிப் பிசகுகிற வாளைத் திருத்த ஏலாது, அது எவ்வளவு மலிவென்றாலும் நட்டம்தான்.

மிச்சம் பிடித்த காசில் நல்ல அலகொன்று வாங்கலாம். ஆனால் மூடி இல்லாத வாளை மட்டும் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.