டெஸ்டோஸ்டிரோன் ஊசி... போடலாமா, வேண்டாமா? ஜிம் பாய்ஸ் முடிவெடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

ஜிம்மில் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. காலையில் ஆறு முட்டை, மதியம் சிக்கன், ராத்திரி சப்பாத்தி என்று சாப்பாடே மாறிடுச்சு. ஆனா, பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோவைத் தாண்ட முடியல. உங்களுக்குப் பின்னால் சேர்ந்த பையன் மூணே மாசத்தில் தோள் விரிஞ்சு, சட்டை பட்டன் தெறிக்க நிக்கிறான். பக்கத்தில் ஒருத்தர் மெதுவா சொல்றார்... ``ஒரு சைக்கிள் போடு ப்ரோ. அப்புறம் நிறுத்திடலாம். எல்லாரும் போடுறதுதான்!’’

இப்படி ஒரு பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பயமுறுத்தும் எண்ணமில்லை. முடிவு உங்களுடையது. ஆனால், `அப்புறம் நிறுத்திடலாம்’ என்ற அந்த ரெண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்குன்னு பார்த்துட்டு முடிவெடுங்க.

முதல்ல, அது வேலை செய்யுமா?

செய்யும். 1996-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. இரண்டு தரப்பிலும் பாதிப் பேர் உடற்பயிற்சி செய்தார்கள், பாதிப் பேர் செய்யவில்லை. 10 வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சுமார் 2 கிலோ கூடியிருந்தது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கு சுமார் 3 கிலோ. இரண்டையும் செய்தவர்களுக்கு சுமார் 6 கிலோ!

ஆக, `ஊசியெல்லாம் சும்மா’ என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒன்றைக் கவனிங்க. அந்த ஆய்வு 10 வாரத்தில் முடிந்துவிட்டது. உங்கள் உடம்பு அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடணும்.

உள்ளே என்ன நடக்குது?

உங்க வீட்டு மாடியில் இருக்கும் தண்ணி டேங்க்கை நினைச்சுக்கோங்க. டேங்க் நிறைஞ்சதும் கீழே மோட்டார் தானா நின்னுடும். உடம்பிலும் இதே ஏற்பாடுதான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி `உற்பத்தி பண்ணு’ என்று விரைகளுக்குத் தகவல் அனுப்பும். போதுமான அளவு இருந்தால் தகவலைக் குறைத்துவிடும்.

நீங்க வெளியிலிருந்து ஊசி போடுவது, லாரித் தண்ணியை நேரா டேங்க்கில் ஊத்துற மாதிரி. டேங்க் ஃபுல். மோட்டார் ஆஃப். விரைகள் வேலையைக் குறைத்துக்கொண்டு, மெல்லச் சுருங்கவும் ஆரம்பிக்கும்.

சிக்கலே இங்கேதான். விந்தணு உருவாக, விரைகளுக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமா இருக்கணும். ஊசி ரத்தத்தைத்தான் நிரப்பும். விரைக்குள் அளவு சரிஞ்சுடும்.

இதை நம்பித்தான் உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே பரிசோதித்தது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியமானது. அதாவது, மேலே பார்த்த 600-ல் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே! `ஆண்மை கூடும்’ என்று நினைத்துப் போடும் மருந்து, அப்பா ஆகும் வாய்ப்பைப் பூட்டி வைக்கிறது.

`அப்புறம் நிறுத்திடலாம்’... முடியுமா?

நிறுத்தலாம். பெரும்பாலானவர்களுக்கு சில மாதங்களில் விந்தணு திரும்பும். சிலருக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். சிலருக்கு முழுசா திரும்புவதே இல்லை. நீங்க அதில் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல எந்த டெஸ்ட்டும் இல்லை.

இடைப்பட்ட காலம் இன்னும் கஷ்டம். லாரித் தண்ணியும் நின்னுடுச்சு, மோட்டாரும் ஓடல. சோர்வு, எரிச்சல், மன அழுத்தம், செக்ஸில் ஆர்வமின்மை, வந்த மசில்ஸும் கரைவது... இதைத் தாங்க முடியாமல்தான் பலர் அடுத்த சைக்கிளுக்குப் போகிறார்கள். ஒரு சைக்கிள் இப்படித்தான் பல சைக்கிளாகிறது.

மத்த பில்லும் வரும்!

முகப்பரு, வேகமான முடி உதிர்வு, மார்பு பெண்களுக்குப் போல வீங்குவது எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ரத்தம் கெட்டியாவது, ரத்த அழுத்தம் ஏறுவது, நல்ல கொலஸ்ட்ரால் குறைவது ஆகியவை தெரியாதவை.

`2023-ல் வந்த பெரிய ஆய்வில் இதயத்துக்கு ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாங்களே?’ என்று யாராவது கேட்கலாம். அதில் இருந்தவர்கள் 45 முதல் 80 வயதுக்காரர்கள். இயல்பாகவே ஹார்மோன் குறைந்தவர்கள். டாக்டர் கண்காணிப்பில் ஜெல் தடவி, இயல்பான அளவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் அவர்களுக்குக் கூடவில்லை என்பது உண்மை. ஆனால், சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்று அதிகமாகவே இருந்தன. ஜிம்மில் போடும் டோஸுக்கு அந்த ஆய்வு சர்ட்டிஃபிகேட் கிடையாது.

யாருக்கு உண்மையில் தேவை?

ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால், அதை ஜிம் மாஸ்டர் முடிவு செய்ய முடியாது. அறிகுறிகள் இருக்கணும். வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அளவு குறைந்திருக்கணும். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் வைத்திருக்கும் கோடு, டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். அப்படிக் குறைந்திருந்தாலும், சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதைத் தவிர்த்து வேறு சிகிச்சைதான் தருவார்கள்.

முடிவெடுக்கும் முன் இந்த 4 கேள்விகள்!

1. அடுத்த சில வருஷத்தில் கல்யாணம், குழந்தை என்ற திட்டம் இருக்கா?

2. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. சீட்டில்லாமல் கைமாறும் பாட்டிலுக்குள் லேபிளில் இருப்பதுதான் இருக்குன்னு யார் உத்தரவாதம்? ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸும் ஹெச்.ஐ.வி-யும் வரலாம்.

3. போட்டிகளில் கலந்துக்குறீங்களா? சர்வதேச ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் இது எல்லா நாளும் தடை. மாட்டினால் முதல் தடவையே நாலு வருஷம் வரை தடை வரலாம்.

4. அடிப்படையை முழுசா செஞ்சுட்டீங்களா? 2011-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கிய 10 இளைஞர்களுக்குப் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவிகிதம் குறைந்தது. ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துட்டு ஊசியைத் தேடாதீங்க! எடை தூக்குபவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். சட்டப்படி கிடைக்கும் கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம், பலத்தைக் கூட்டும் என்று நன்கு நிரூபிக்கப்பட்டது. கிட்னி பிரச்னை இருந்தால் டாக்டரைக் கேட்டுட்டு எடுங்க.

ஏற்கெனவே போட்டுட்டிருக்கீங்களா? குற்றவுணர்ச்சி வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போய், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம் என்று உள்ளதைச் சொல்லுங்க. ஹார்மோன், ரத்த அணுக்கள், கொலஸ்ட்ரால், விந்தணுப் பரிசோதனை செய்து, எப்படி நிறுத்துவது என்று அவர் வழி சொல்வார்.

60 கிலோவில் நின்ற பெஞ்ச் பிரஸ் இன்னும் ஆறு மாசத்தில் 70 ஆகலாம். மெதுவாத்தான் ஏறும். ஆனா, அது உங்க மோட்டார் ஏத்தின தண்ணி!