பால்மரக் காட்டைச் சுழற்றிய வில்லை



சென்ற பள்ளி விடுமுறையின்போது தஞ்சோங் ரம்புத்தானில் மாணவன் ஒருவனின் தந்தை என்னைக் காண வந்தார். "சார், இது எங்க அப்பாவோடது. பழைய இரும்புக்குப் போட இருந்தேன். பள்ளிக்கு உதவுமா?" என்றார். கனத்த படக்கருவி ஒன்று, பெயர் செனித்-இ. அதன் முகப்பில் ஹீலியோஸ் 44-2 எனும் வில்லை.

உடன் ஓர் ஒளிப்படமும் இருந்தது. தோட்டத்து லயத்தின் முன் அவருடைய பாட்டி நிற்கிறார். அவருக்குப் பின்னால் பால்மரத்து இலைகள் வட்டமிட்டுச் சுழல்வதுபோல் தெரிகின்றன. படம் கெட்டுவிட்டது என்றே வீட்டார் நெடுநாள் எண்ணியிருந்தனராம். படம் கெடவில்லை, அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஜெர்மனியின் யேனா நகரில், சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லி மெர்ட்டே வடிவமைத்த 'பயோட்டார்' என்பதே இவ்வில்லையின் மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யேனா சோவியத் ஆட்சிக்குள் வந்தது. அங்கிருந்த தொழிற்சாலைக் கருவிகள் போர் இழப்பீடாகக் கொண்டு செல்லப்பட்டன. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் பயோட்டாரின் வடிவம் சோவியத் கண்ணாடிக்கேற்பத் திருத்தப்பட்டு ஹீலியோஸ் ஆயிற்று. கிரேக்க மொழியில் ஹீலியோஸ் என்றால் கதிரவன். 1965 முதல் உருவான செனித்-இ கருவிகளோடு அது உலகெங்கும் பரவிற்று.

இவ்வில்லையின் துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் படத்தின் நடுப்பகுதி தெளிவாக விழும். ஓரத்து ஒளிப்புள்ளிகளோ பூனைக்கண்போல் நீண்டு, நடுவைச் சுற்றிச் சுழல்வதாகத் தோன்றும். இலையிடுக்கில் வெயில் விழும் பால்மரக் காட்டைவிட இதற்கு ஏற்ற பின்புலம் வேறெது?

இன்னொரு செய்தி. மலேசியாவும் சோவியத் ஒன்றியமும் 1967 ஏப்ரல் 3ஆம் நாள் தூதரக உறவு கொண்டன. நம் இரப்பரைப் பெருமளவில் வாங்கிய நாடுகளுள் அதுவும் ஒன்று. நமக்கு அது விற்றதோ மிகக் குறைவு. விடியற்காலையில் நம் முன்னோர் வெட்டிய பால் கப்பலேறி அங்குச் சென்றது. அங்கிருந்து வந்த சிலவற்றுள் ஒன்று ஈப்போவின் பழைய பொருள் கடையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் கைக்குக் கிட்டியது.

மலிவானது என்று ஒதுக்கப்பட்ட வில்லையை இன்று திரைப்படக்காரர்கள் தேடுகின்றனர். டிஜிட்டல் கருவிகளின் மிகைத் தெளிவு அவர்களுக்குச் சலித்துவிட்டது. ஒளிப்பதிவாளர் கிரெய்க் பிரேசர் 2022இல் வெளிவந்த 'தி பேட்மேன்' படத்தில் ஹீலியோஸைப் பயன்படுத்தினார். 2024இல் வந்த 'டியூன்: இரண்டாம் பாகம்' படத்திற்கு உக்ரைனின் அயன்கிளாஸ் நிறுவனம் புதுக்கூட்டில் பொருத்திய சோவியத் வில்லைகள் உதவின. போர் வழியே பிறந்த வில்லை போர் நடக்கும் நாட்டில் மறுபிறவி எடுத்தது எனக்கு வியப்பே.

(பழைய வில்லை வைத்திருப்போர் கவனிக்க: நம் நாட்டு ஈரத்தில் உள்ளே பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.)

அந்தத் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அவ்விடத்தைக் காட்ட அக்குடும்பத்தாரிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு படமே.

சிறு வளையம் ஒன்றின் உதவியால் ஹீலியோஸை டிஜிட்டல் கருவியில் பொருத்தினோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் ரம்புத்தான் மரத்தடியில் தம் பாட்டிமாரை அமரவைத்துப் பேசச்சொல்லிப் படமெடுத்தனர். இலைகள் சுழன்றன. அந்தத் தந்தை கருவியைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். ஒளிப்படத்தை மட்டும் திரும்பப் பெற்றுச் சென்றார். சட்டம் போடப் போகிறாராம்.