பூனைக்கும் உரிமமா?

பெரும்பாறையில் காப்பிக்கொட்டை உலரும் களத்தில் ஒரு பூனை படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உரிமச் சீட்டு உண்டா என்று யாராவது கேட்டால் சிரித்துவிடுவீர்கள். நாய்க்குக் கேட்டால் சிரிக்கமாட்டீர்கள். ஏன் இந்த வேறுபாடு?

பிரிட்டனில் 1796-ஆம் ஆண்டிலேயே நாய்க்கு வரி விதித்தார்கள், பூனையை விட்டுவிட்டார்கள். காரணத்தை நாமே ஊகிக்கலாம். நாய் ஒருவரின் பின்னால் போகும். பூனையோ மூன்று வீட்டில் பால் குடிக்கும். வரியை யாரிடம் கேட்பது?

1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பறவைகளைக் காப்பதற்காக, வெளியில் திரியும் பூனைகளைப் பிடிக்க வழிசெய்யும் மசோதா ஒன்று நிறைவேறியது. ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் கையெழுத்திட மறுத்துவிட்டார். திரிவது பூனையின் இயல்பு என்பது அவர் வாதம். வேடிக்கையான வாதந்தான்; ஆனால் இறந்த பறவைக்கு அது விடையாகாது. ஆஸ்திரேலியாவில் பூனை வந்தேறி விலங்கு. அதை எதிர்த்துப் பழகாத சிற்றுயிர்கள் அங்கே ஏராளம். எனவே விக்டோரியா மாநிலம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பூனைப் பதிவைக் கட்டாயமாக்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2013 முதல் ஆறு மாதம் நிறைந்த பூனைக்குப் பதிவு, மைக்ரோசிப், கருத்தடை மூன்றும் வேண்டும்.

நம் நாட்டில் இத்தகைய விதிகளுக்கு முதற்காரணம் வெறிநோய். பாஸ்டர் 1885-இல் இதற்குத் தடுப்பூசி கண்டார். நம் தென்னகத்திற்காக, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையைக் கொண்டு, குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. நோயுற்ற பூனை கடித்தாலும் இது வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நொய்டாவில் 2022-இல் நாயோடு பூனையையும் பதிவு செய்யச் சொன்னார்கள். நம் சென்னை மாநகராட்சியும் செல்லப் பிராணிக்கு உரிமம் வழங்குகிறது. என் கருத்தில், உரிமச் சீட்டைவிட அதற்காகப் போடப்படும் தடுப்பூசியே பெரிது.

பழனி மலைக்கு இன்னொரு கவலையும் உண்டு. கொடைக்கானல் சோலைகளில் தரையருகே இரைதேடும் சோலைக்கிளி என்ற சிறு பறவை, உலகில் வேறெங்கும் இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்வது. வீட்டுப் பூனைக்குச் சோலையின் எல்லை தெரியாது.

சரி, களத்துப் பூனைக்கு வருவோம். எலிக்காக அதைத் தோட்டத்தார் விரட்டுவதில்லை. சோறு வைப்பவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. குட்டி போடுவதோ மூன்றாம் வீட்டுப் பரணில். உரிமத்தை யார் பெயரில் எழுதுவீர்கள்?